கோடில்லாத குப்பி

“சார், என் தங்கச்சிய நாளைக்கு விமானப் பயிற்சிப் பள்ளியிலேர்ந்து நீக்கப் போறாங்க,” என்றான் அங்கே வேலை பார்க்கும் மெக்கானிக், துப்பறிவாளரிடம். உட்காரக்கூட இல்லை. நீலக் கறை படிந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

நடந்தது இதுதான். பயிற்சி விமானம் இடது டாங்க் பெட்ரோலில் ஒழுங்காகத்தான் மேலே ஏறியது. உயரம் போனதும் தங்கை பெட்ரோல் வால்வை வலது டாங்குக்குத் திருப்பினாள். சற்று நேரத்தில் எஞ்சின் இருமி இருமி நின்றுபோனது. உழுத வயலில் எப்படியோ இறக்கிவிட்டாள். கூட இருந்த பயிற்சியாளருக்குக் கை முறிந்தது. இறங்கியபின் பார்த்தால் வால்வு மூடிக் கிடந்தது. திருப்பத் தெரியாமல் மூடித் தொலைத்துவிட்டாள் என்கிறார் அவர்.

“பெட்ரோல்ல கோளாறா இருக்குமோ?” என்று முந்திக்கொண்டார் துப்பறிவாளரின் மைத்துனர். அவருக்கு எதிலும் அவசரம்.

“அதெப்படி சார்? இடது டாங்க முந்தின சாயந்தரமே பாத்தாச்சு. வலதுலேர்ந்து விடியறதுக்கு முன்னால, டார்ச் வெளிச்சத்துல, நானே குப்பியில பிடிச்சுப் பாத்தேன். தண்ணி கலந்திருந்தா அடியில தங்கும், நடுவுல கோடு தெரியும். கோடே இல்ல. கண்ணாடி மாதிரி தெளிவு. பாத்துட்டேன்னு பதிவேட்டுல கையெழுத்தும் போட்டிருக்கேன்.”

துப்பறிவாளர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

வயலிலிருந்து கொண்டுவந்த விமானத்தை நிறுத்தியிருந்த கொட்டகையில் தங்கையும் கைக்கட்டோடு பயிற்சியாளரும் நின்றார்கள். எஞ்சினுக்கு அடியில் இருந்த பெட்ரோல் வடிகட்டிக் கிண்ணத்தைத் துப்பறிவாளர் பதமாகக் கழற்றினார். அது ததும்பியது.

“மேலயே வால்வ மூடியிருந்தா எஞ்சின் இதையும் உறிஞ்சிட்டுத்தான் நின்னிருக்கும். இது காலியா இருந்திருக்கணும். அப்போ எஞ்சின் நின்னப்புறம்தான் மூடியிருக்காங்க.”

“தீப்பிடிக்காம இருக்க, தரையத் தொடறதுக்கு முன்னால மூடணும்னு நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க?” என்றாள் தங்கை.

பயிற்சியாளர் தலை குனிந்தார். “நான் பாக்கலம்மா. பயத்துல கண்ண இறுக்கி மூடிட்டேன்.”

மைத்துனர் அதற்குள் கிண்ணத்தில் விரலை விட்டு முகர்ந்தார். “அத்தான், வாசனையே இல்ல! வெறும் தண்ணி!”

“ஐயோ, கோடு இல்லையே சார்!” என்று மெக்கானிக் பதறினான்.

“பறக்கறதுக்கு முந்தின ராத்திரி மழை. வலது டாங்க் மூடியோட ரப்பர் வெடிச்சிருக்கு, இப்பத்தான் பாத்தேன்; அது வழியாத் தண்ணி உள்ள எறங்கியிருக்கு. ரெண்டும் கலந்திருந்தாத்தானே தம்பி கோடு? குப்பி முழுக்கத் தண்ணின்னா கோட்டுக்கு எங்க போறது? விமானப் பெட்ரோலுக்குச் சாயம் போடுவாங்களே, உங்களுது என்ன நிறம்?”

மெக்கானிக் கையிலிருந்த துணியைப் பார்த்தான். எந்தக் கையெழுத்தை நம்பித் தங்கையைக் குற்றவாளி ஆக்கினார்களோ, அது அவனுடையது.

“நீலம்,” என்றான். “கோட்டத்தான் தேடினேன். நிறத்தப் பாக்கல.”

மேஜையிலிருந்த பதிவேட்டை இழுத்துத் திறந்தான். தங்கை ஓடி வந்து அவன் எடுத்த பேனாவைப் பிடித்தாள்.

“வேணாம்ண்ணா, உன் வேலை போயிடும்.”

“விடுடி. நீ செத்திருப்ப,” என்றான் அவன். அழுதுகொண்டே தன் பழைய கையெழுத்துக்குக் கீழே எழுதத் தொடங்கினான்.