கண்ணைத் துடைத்துக்கொண்டாள்

மௌனத்தைப் பதிவு செய்யும்போதுதான் அந்த மூக்குறிஞ்சல் கேட்டது.

ஒலிப்புத்தகத்துக்கான வாசிப்பு முடிந்ததும் ஸ்டுடியோவின் சவுண்ட்காரர் கடைசியாக ஆளில்லாத அறை போல ஒரு மௌனத்தைப் பதிவு செய்வார். வாசிப்பில் பிழைகளை வெட்டிய இடங்களை அதை வைத்துத்தான் ஒட்டுவார். கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே, பஞ்சு பதித்த சுவர்களின் பழைய வியர்வை வாடை மூக்கில் ஏற, ஹெட்போனுக்குள் தன் ரத்தம் ஓடுவதைக்கூடக் கேட்டபடி எழுத்தாளன் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

“சார், அழுகையெல்லாம் கதையோட விட்டுடுங்க,” என்றார் சவுண்ட்காரர்.

“நான் அழல.”

“அப்போ மைக்குக்குத்தான் ஜலதோஷம். வேற கேபிள் எடுத்துட்டு வரேன். பாப்பா, எதையும் தொடாத, என்ன?”

வெளியே சோபாவில் இருந்த மகள் தலையாட்டினாள்.

அவளுடைய தாயைத் தகனம் செய்த அன்று அவளிடம் அவன் சொன்னது ஒன்றுதான். “நம்ம கதையில வர்ற அக்கா அழுதாளா? அவ மாதிரி இரு.” மகள் அன்றிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அவனுக்கு அது வசதியாக இருந்தது.

கதையில் அந்த அக்காவின் தாயை டிராகன் எரித்துவிடும். அடுத்த வரி: ‘கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாளை எடுத்தாள்.’ வாசகர்கள் கொண்டாடிய வரி. இன்று காலை அதைத்தான் கணீரென்று வாசித்தான்.

மறுபடியும் மூக்குறிஞ்சல். இப்போது காதருகே. முடி கருகும் நாற்றம்.

“அந்த வரிக்கு முன்னாடி எனக்கு ஒரு நாள் குடுத்திருக்கலாம்ல. அழுதுட்டு வந்திருப்பேன்.”

ஒரு சிறுமியின் குரல்.

“நெருப்புக்குள்ள கைய விட்டு அம்மாவ இழுத்தேன். நீ அத எழுதவே இல்ல.”

ஹெட்போனைக் கழற்றினான். குரல் நிற்கவில்லை.

“டிராகனையும் கொன்னுட்டேன். பாவம், நீ சொன்னதத்தான அது செஞ்சுது.”

கதவுக்கு ஓடினான். கைப்பிடி சுட்டது. திறக்கவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் சோபா காலி.

மகள் பதிவு மேசையருகே நின்றிருந்தாள். உள்ளே ஸ்பீக்கரில் கேட்கும்படி பேசும் பொத்தானை அழுத்தினாள்.

“அப்பா, எனக்கும் நீ நேரம் குடுக்கலையாம். அக்கா சொல்றா.”

“கண்ணு, வெளிய ஓடிடு.”

அவள் ஓடவில்லை.

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணில் ஈரமே இல்லை. பிறகு, பக்கத்தில் நீண்ட கருகிய சிறு கையிலிருந்து, வாளை எடுத்தாள்.