ஏழாம் வாசலை அடைத்த ஊர்தி

2143 மார்ச் 9, காலை 10.12. செவ்வாயின் செம்புலம் குடியிருப்பில், ஏழாம் காற்றடை வாசலின் உட்கதவை ஒட்டி ஆறு சக்கர ஊர்தி ஒன்று நிறுத்தப்பட்டிருந்தது.

கதவில் 'இங்கே வண்டி நிறுத்தாதீர்' என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது. அந்த எழுத்தை மறைத்துக்கொண்டுதான் ஊர்தி நின்றது. சுரங்கப் பணி முடித்துத் திரும்பிய தணிகைவேல் வாசலின் சிற்றறையில் சிக்கியிருந்தார். உட்கதவு முழுதாகத் திறக்க இடமிருந்தால்தான் சிற்றறையில் காற்று நிரம்பும். அவருடைய கவச உடையில் இருபத்திரண்டு நிமிடத்துக்குப் பிராணவாயு இருந்தது. அடுத்த வாசல் ஆறு கிலோமீட்டர் தள்ளி.

செய்தி கேட்டு ஓடிவந்த அவர் மனைவி வாகினி ஊர்தியின் கண்ணாடியைத் தட்டினாள். உள்ளே யாருமில்லை. இருக்கையில் பாதி கடித்த பஜ்ஜி கிடந்தது. ஊர்திக் கதவின் வெளிப்புறத்தில் வெற்றிலை எச்சில் வழிந்து காய்ந்திருந்தது. முகப்பில் ஒரு கட்சிக் கொடி.

பக்கத்தில் மூன்று பேர் கைகட்டி நின்றார்கள்.

"கொஞ்சம் தள்ளி விடுங்களேன்!"

"யாரு வண்டின்னு தெரியுதா? வட்ட உறுப்பினர் குணாளன் அண்ணனோடது," என்றார் அவர்களில் மூத்தவரான ராயப்பன். "தொட்டா நாங்க இங்க குடியிருக்க வேணாமா?"

"உள்ள என் வீட்டுக்காரர் சாகறாருங்க!"

"அதான்மா சொல்றேன், அண்ணன்கிட்டயே ஒரு வார்த்தை பேசிப் பாரு."

காதுக்குள் பதித்திருந்த பேசியில் வாகினி அழைத்தாள். பாத்திரச் சத்தத்துக்கு நடுவே குணாளனின் குரல் கேட்டது.

"வளைகாப்புல இருக்கேம்மா. இப்பதான் பந்தியில உக்காந்தேன். பாயசம் வரட்டும், வந்துடறேன்."

"இருபது நிமிஷம்கூட இல்லைங்க!"

"ஏன் கத்துறே? ஊர்ல வேற வாசலே இல்லையா?"

இணைப்பு அறுந்தது.

வழிமறித்து நிற்கும் வண்டிகளை அகற்றும் இழுவையன் என்ற எந்திரன் சில நிமிடங்களில் வந்து சேர்ந்தது. கொக்கியை நீட்டியது. கொடியைக் கண்டதும் மடக்கிக்கொண்டது.

"கொடியுள்ள ஊர்தி. இழுக்க இயலாது."

"எந்தச் சட்டத்துல இருக்கு?"

"சட்டத்தில் இல்லை. புவி நகரங்களின் அறுபது ஆண்டுப் பதிவுகளைப் பார்த்துப் பழகியவன் நான். கொடி கட்டிய வண்டி இழுக்கப்பட்டதாக ஒரு பதிவும் இல்லை."

ஒன்பது நிமிடம் மீதமிருந்தது. வாகினி முகப்பின்மேல் ஏறிக் கொடியைப் பிடுங்கித் தரையில் எறிந்தாள்.

"இப்போ?"

"சாதாரண ஊர்தி," என்றது இழுவையன். மூன்று நிமிடத்தில் இழுத்து அப்புறப்படுத்தியது.

காற்று நிரம்ப மேலும் ஆறு நிமிடம் ஆனது. கதவு திறந்ததும் தணிகைவேல் தவழ்ந்து வெளியே வந்தார். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. அவரைத் தூக்க இன்னொரு கை தேடி வாகினி திரும்பினாள். அதற்குள் நாற்பது பேர் கூடியிருந்தார்கள், கொடியைச் சுற்றி. ராயப்பன் அதை மடியில் வைத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு கொழுப்பு இருந்தா கொடியிலயே கை வைப்பா!" என்றது ஒரு குரல்.

மார்ச் 11 அன்று குடியிருப்பு மன்றம் கூடியது. கொடியை அவமதித்ததற்காக வாகினிக்குப் பதினைந்து நாள் காவல் விதித்தது. கொடி அகற்றப்பட்டாலும் அது கொடியுள்ள ஊர்தியே என்று இழுவையனுக்குத் திருத்தம் செய்தது. ஏழாம் வாசல் போக்குவரத்துக்கு இடைஞ்சலாக இருப்பதால் அதை நாற்பது மீட்டர் கிழக்கே மாற்றி அமைக்கவும் ஒருமனதாகத் தீர்மானித்தது.

புதிய வாசலைக் குணாளன் ஜூன் 2 அன்று திறந்துவைத்தார். விழாவுக்கு வந்தவர்களின் ஊர்திகள் மூன்று வரிசையாக அதன் முன் நிறுத்தப்பட்டிருந்தன.