இலந்தைக் கிளையில் வந்தவன்

ஜோகன்னஸ்பர்க் ஆஸ்பத்திரி வாசலில் மோயோ மாமா வண்டியை நிறுத்தும்போது வெயில் ஏறிவிட்டது. பின்னால் மாட்டியிருந்த டிரெய்லர் தம்பி தபானியின் பெட்டிக்காகக் காலியாக வந்திருந்தது. எல்லை தாண்டி எண்ணெய், சோப்பு, சோபா என்று எதையும் ஏற்றி இறக்குகிறவர் மாமா. பிணமும் ஏற்றுவார்.

என் மடியில் ஈரச் சாக்கில் சுற்றிய காட்டு இலந்தைக் கிளை இருந்தது. அம்மா ஊரில் ஒடித்துக் கொடுத்தது. உயிர் பிரிந்த இடத்தில் அதை நீட்டி, பேர் சொல்லிக் கூப்பிட்டால் செத்தவன் அதில் ஏறிக்கொள்வான். கிளை பிடித்தவன் அதற்குப் பிறகு செத்தவனோடு மட்டும்தான் பேச வேண்டும். இடம் மாறிக் கூப்பிட்டால் ஊருக்கு வருவது வெறும் மாமிசம்.

"உடம்பு வராட்டாலும் பரவால்ல நொதா," என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். "புள்ள வந்து சேரணும்."

அண்ணன் ஜென்சோ வாசலிலேயே காத்திருந்தான். எல்லை தாண்டி வந்த வெளியூர்க்காரர்களைத் தேடி அடித்த கலவரத்தில், அங்கே வேலைக்குப் போயிருந்த இருவரில் ஒருவன் செத்தான், ஒருவனுக்குக் கீறல்கூட இல்லை. ஜென்சோ அந்த ஊர்க்காரன் மாதிரியே ஜூலு மொழி பேசுவான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நாங்களும் ஆறுதல்பட்டுக்கொண்டோம்.

தெருவில் அடிபட்ட தபானி இந்த ஆஸ்பத்திரியில்தான் கண்ணை மூடினான் என்று சொல்லி, வார்டின் கடைசிக் கட்டிலுக்கு எங்களைக் கூட்டிப்போனான். கிளையை வாங்கி நீட்டினான்.

"தபானி, வாடா. வீட்டுக்குப் போவோம்."

பக்கத்தில் நின்ற நர்ஸ் என்னைப் பார்த்தாள். "இந்தப் பையனைக் கொண்டு வரும்போதே உசிரு இல்லையேம்மா."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் கிளையைக் காட்டி, பேசக்கூடாது என்று உதட்டில் விரல் வைத்தான். நர்ஸிடம் மேலே கேட்க வாயெடுத்தேன். ஆனால் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

தபானியின் போர்வையையும் அவனோடு புதைக்க வேண்டும். அது அண்ணனும் தம்பியும் தங்கியிருந்த அறையில் கிடந்தது. நகரத்தின் நடுவில், லிஃப்ட் செத்து, கண்ணாடியெல்லாம் உடைந்துபோன பழைய கட்டடம். வண்டி அங்கே நின்றதும் ஜென்சோ இறங்க மாட்டேன் என்று தலையை ஆட்டினான்.

"பட்டப்பகல்லயே நடுங்குறியே," என்று மோயோ மாமா சிரித்தார். "தம்பி போர்வைதானே, சிங்கம் படுத்திருக்கா உள்ள?"

"நீயா போறியா, நான் போகட்டுமா அண்ணே?" என்றேன்.

என்னைப் போக விட அவனுக்கு மனமில்லை. கிளையோடு படியேறினான்.

வெகுநேரம் வரவில்லை. மேலே எங்கோ ஒரு மரக்கதவு மூடிக்கொண்டது.

பிறகு அவன் இறங்கி வந்தான். போர்வை தோளில் கிடந்தது. பின் இருக்கையில் ஜன்னலோர இடத்தைச் செத்தவனுக்கென்று காலியாக விட்டிருந்தோம். அவன் அதில் உட்கார்ந்துகொண்டு, கிளையை அந்தப் பக்கம் போட்டான்.

"இடம் மாறி உக்காந்துட்டியேப்பா," என்றார் மாமா.

அவன் ஜன்னல் வழியே கட்டடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

வண்டிக்குள் பூச்சி உருண்டை வாசம் வந்தது. பழைய துணி, பூட்டிய மரம், வியர்வை. கண்ணாடியை இறக்கிவிட்டும் போகவில்லை. எல்லைக்கு முந்தின ஊரான முசினா தாண்டி மாமா வறுத்த மோப்பானிப் புழுப் பொட்டலத்தைப் பிரித்தார். ஜென்சோவுக்கு அதைக் கண்டாலே குமட்டும். சின்ன வயதில் அவன் பங்கையும் சேர்த்துத் தின்பவன் தபானி. பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, பொட்டலத்தை அப்படியே வாங்கிக்கொண்டது. மொறுமொறுவென்று மெல்லும் சத்தம் என் பிடரிக்குப் பின்னால் நெடுநேரம் கேட்டது.

எல்லையில் லிம்போபோ ஆற்றுப் பாலம் வந்தது. ஆறு தாண்டும்போது செத்தவனுக்குச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவன் கரையிலேயே நின்றுவிடுவான். நான் திரும்பிப் பார்த்தேன்.

அவன் கிளைக்குக் குனிந்து மெல்லச் சொன்னான்.

"அண்ணே, ஆறு வந்துடுச்சு. நீ அங்கேயே இரு."

நான் முன்பக்கம் திரும்பிக்கொண்டேன். மாமா ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

விடியும் நேரத்துக்குக் குவாண்டா பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். துக்க வீட்டுப் பெண்கள் பாட்டை நிறுத்தி வழிவிட்டார்கள். அம்மா உள்ளறையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். அவன் அவள் முன்னால் மண்டியிட்டான். நான் கதவோரம் நின்றேன்.

"புள்ளையக் கூட்டிட்டு வந்தியா ஜென்சோ?"

"நான் வந்துட்டேம்மா."

அது தபானியின் குரல்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"கும்பல் படியேறி வர்றப்ப அண்ணன் என்னைப் பீரோவுக்குள்ள விட்டு மூடினான். எல்லாரும் போனதும் தட்டுறேன், அப்ப வான்னு சொன்னான். தட்டினாம்மா. கதவைத் திறந்தேன். அவனுக்குப் பின்னாடி அவங்க நின்னாங்க. 'இவன்தான் வெளியூர்க்காரன், நான் உங்க ஆளு'ன்னான். நல்லாத்தான் பேசினான்."

வெளியே யாரோ இருமினார்கள். அம்மா கையை நீட்டி அந்த முகத்தைத் தடவினாள். நெற்றி, மூக்கு, தாடை எல்லாம் ஜென்சோவுடையதுதான்.

"அண்ணன் எங்கடா?"

"என் இடத்துல இருக்கான்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். மயங்கி விழுவாள் என்று நினைத்தேன். அவள் அவனுடைய முன்கையைப் பிடித்து அமுக்கிப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்.

"சாப்பிட்டியா?"

மறுநாள் பெட்டியைப் புதைத்தோம். குழிக்குள் போட வேண்டிய இலந்தைக் கிளையை அம்மா அடுப்பில் வைத்து, அதன் மேலேயே களி கிண்டினாள். துக்கம் ஜென்சோவின் தலைக்கேறிவிட்டது, தம்பி மாதிரியே பேசுகிறான் என்று ஊரில் பரிதாபப்பட்டார்கள். அம்மா அவனைத் தபானி என்று கூப்பிட்டாள். அவன் ஓடிப்போய் நின்றான். என்னால் அவன் எதிரில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட முடியவில்லை.

மழைக்காலம் தொடங்கும்போது ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து, அவர்கள் இருந்த அறைக்கு அடுத்த அறைக்காரி போன் செய்தாள். "உன் அண்ணன் திரும்பி வந்துட்டானா? ராப்பகலா அவங்க அறைக்குள்ள யாரோ முனகுறாங்க. மத்தவங்கல்லாம் அறையைக் காலி பண்றாங்கம்மா."

நான் கிளம்பினேன். கொல்லையில் இலந்தை மரத்தடியில் ஒரு கணம் நின்றேன். கூடப் பிறந்தவன்தானே. அம்மா என் பின்னாலேயே வந்திருந்தாள்.

"கிளை எதையும் ஒடிக்காத நொதா. சாமானை மட்டும் எடுத்துட்டு வா."

நடுப்பகலில் அந்த அறைக்குள் நுழைந்தேன். ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், சுவரோரம் மர பீரோ. பூச்சி உருண்டை வாசம். பீரோவின் கதவிலும் அதற்கு முன்னால் தரையிலும் கறுத்துப்போன கறை. என் தம்பி அங்கேதான் கிடந்திருக்கிறான், எந்த வார்டிலும் இல்லை.

பீரோவைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை. மூடினேன்.

"நொதா."

உள்ளிருந்து வந்தது.

"நொதா, நான்தான். இருட்டா இருக்கு. கிளை கொண்டு வந்தியா?"

என் அண்ணன் குரல். என்னைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவன் குரல்.

"தட்டும்மா. நீ தட்டினா நான் வெளிய வந்துடுவேன்."

என் கை தானாகவே உயர்ந்தது. விரல் முட்டி மரத்துக்கு அருகே போய்விட்டது. கண் கீழே இருந்த கறைக்குப் போனது. கையை இழுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.

ஸ்டவ்வை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அடுத்த அறைக்காரி சாவியோடு நின்றாள்.

"யாராவது இருக்காங்களாம்மா?"

"யாரும் இல்லக்கா."

அவள் சாவியைத் திருப்பத் தொடங்கியதும், உள்ளே அவன் என் பெயரைச் சொல்லி அலற ஆரம்பித்தான். அவள் கை சாவியிலேயே நின்றுவிட்டது.

"பூட்டுங்கக்கா," என்றேன். "ரெண்டு சுத்து."