தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு

போன் அலறியது.

மலை ஸ்டேஷனில் சப் இன்ஸ்பெக்டர் கலைமணி எடுத்தாள். காலை மணி ஏழு. மார்கழிக் குளிரில் ரிசீவர் ஐஸாக இருந்தது.

வளப்பூர் நாடு என்ற மலைக் கிராமத்தில் ஒரு சாவு. பெயர் அத்தாயி, வயது ஐம்பத்திரண்டு. சாவில் சந்தேகம் என்று மகன் மாதேஸ்வரன் புகார் சொன்னான்.

கலைமணி போனபோது அத்தாயியைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். உடம்பில் காயம் இல்லை. கழுத்தில் தடம் இல்லை. தலைமாட்டில் காலி மாத்திரை அட்டைகள்... ஐந்து!

"யாரு கொடுத்த மாத்திரைங்க இது?"

"காய்ச்சல் கணக்கெடுக்கிற ஆபீசருங்க. பிரேம். அஞ்சு நாளா வந்தாருங்க."

மாதேஸ்வரன் சொல்லச் சொல்லக் கலைமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரேம் வந்ததும் முதலில் மாத்திரையை விழுங்க வைப்பாராம். ஒரு மணி நேரம் டீ குடித்துக்கொண்டு காத்திருப்பாராம். காய்ச்சல் இறங்கியதும் தெர்மாமீட்டரை வைத்து, 98.4 என்று போட்டோ பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவாராம். ஆஸ்பத்திரியா? எதற்கு? நார்மலாம்!

"மூச்சு வாங்குதுன்னு சொன்னேனுங்க. குளிருக்கு அப்படித்தான் இருக்கும்னாருங்க. காத்தால ஆறு மணிக்கு... நின்னு போச்சுங்க."

அவன் உள்ளே கை காட்டினான். மனைவி ருக்குமணி கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து காய்ச்சல்.

ஊரில் இன்னும் பதினாறு பேர் அதே மாதிரி படுத்திருந்தார்கள். கலைமணி மலை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். டாக்டரையும் ஆக்சிஜனையும் போன வாரமே கீழே அனுப்பிவிட்டார்களாம். காய்ச்சலே இல்லாத மலையில் டாக்டருக்கு என்ன வேலை, மிளகு பறிக்கவா? பிரேமின் ரிப்போர்ட்டில் காய்ச்சல் பதிவானால்தான் டாக்டர் மறுபடி மேலே வருவாராம்.

பிரேம் வாசலூர்பட்டி படகு இல்லத்தில் இருந்தார். மலையில் காய்ச்சலை ஒழித்ததற்காகப் பாராட்டு விழா! கழுத்தில் மாலை, கையில் செல்போன்.

"இன்னைக்கு அத்தாயியைப் பார்த்தீங்களாங்க?"

"பத்து மணிக்குப் பார்த்தேன் மேடம். நார்மல்."

செல்போனைப் பெருமையாக நீட்டினார். அத்தாயி, காலை 10.05, 98.4. போட்டோவும் இருந்தது.

"ஆறு மணிக்கே செத்துட்டாங்க. நாலு மணி நேரம் ஆறிப்போன உடம்புல தொண்ணூத்தெட்டு புள்ளி நாலா?"

மனுஷருக்குக் கை நடுங்கியது. விழாவுக்கு நேரமாகிவிட்டதால் நேற்றைய போட்டோவையே ஏற்றிவிட்டாராம். அவ்வளவு கடமை உணர்ச்சி!

உண்மையைப் பதிவு செய்து டாக்டரை வரவழைக்கச் சொன்னாள். பிரேம் மறுத்தார். ஒரே ஒரு காய்ச்சல் பதிவானாலும் குடியரசு தின விருது கைவிட்டுப் போய்விடுமாம். விலங்கு மாட்டினாலும் ரிப்போர்ட்டின் பாஸ்வேர்டைச் சொல்ல மாட்டாராம்.

மாட்டத்தான் கையைப் பிடித்தாள்.

கை கொதித்தது...

நடுக்கம் பயத்தால் வந்ததல்ல! அவர் பையிலிருந்த தெர்மாமீட்டரையே எடுத்து அவர் நாக்கின் கீழ் சொருகினாள். 103.

பிரேமின் முகம் வெளுத்தது. அத்தாயி மூச்சுக்குத் திணறியது இப்போதுதான் ஞாபகம் வந்தது போலும்.

"மேடம்... டாக்டரை வரச் சொல்லுங்க."

"நான் சொன்னா வர மாட்டாருங்க. நீங்க பதிவு பண்ணணும்."

விறுவிறுவென்று தட்டினார். பெயர், பிரேம். காய்ச்சல், 103. இந்தக் குளிர்காலத்தில் அவர் எழுதிய முதல் உண்மை அதுதான். கலைமணி விடவில்லை. ருக்குமணியில் தொடங்கிப் பதினேழு பெயரையும் தட்ட வைத்த பிறகே விலங்கை மாட்டி ஜீப்பில் ஏற்றினாள்.

டாக்டர் கிளம்பிவிட்டதாகத் தகவல் வந்தது. பிரேம் மாலையும் விலங்குமாக முனகிக்கொண்டே பைக்குள் மாத்திரையைத் தேடினார்.

கலைமணி பையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"டாக்டர் மலை ரோட்டுல எழுபது வளைவு ஏறி வரணுமுங்க. அதுவரைக்கும் மாத்திரை மட்டும் போட்டுடாதீங்க... காய்ச்சல் இறங்கிட்டா, நார்மல்னு எழுதிட்டுத் திரும்பிப் போயிடுவாரு!"