எண்ணூறு பூட்டுகள்

காலை பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியின் சர்வர் அறைக்குள் முதன்முதலாகப் போனேன். ஜன்னல் கிடையாது. எலும்பைத் துளைக்கும் ஏசிக் குளிர். இயந்திரங்களுக்குள் மின்விசிறிகள் ஓயாமல் இரைந்தன. நாற்காலியின் முதுகில் ஒரு பழுப்பு ஸ்வெட்டர். கிராம்பு வாசனை.

"யாரோடது சார்?"

"முன்னாடி இருந்தவளோடது. தூக்கிப் போடு," என்றார் மேனேஜர்.

அந்த அக்கா இதே நாற்காலியில்தான் செத்தாள். குளிருக்கு வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டே வேலை பார்ப்பாளாம்.

ஒரே கோப்பில் இரண்டு பேர் எழுதிக் குழப்பிவிடாமல் இருக்க இயந்திரம் பூட்டுப் போடும். மொத்தம் எத்தனை பூட்டு என்பதற்குக் கர்னல் என்னும் அடிப்படை மென்பொருளில் ஒரு வரம்பு உண்டு. இங்கே இருநூறு. தீர்ந்தால் மற்றவர்கள் காத்துக் கிடக்க வேண்டியதுதான். வரம்பைக் கூட்டலாம், ஆனால் இயந்திரத்தை நிறுத்தி எழுப்ப வேண்டும்.

போன மாதம் பூட்டுகள் தீர்ந்தன. மருந்துச் சீட்டுகள் நின்றன. ஒரு நோயாளி இறந்துபோனார். இரண்டு நாள் கண் மூடாமல் சரிசெய்த அக்கா, மூன்றாம் நாள் எழவேயில்லை.

"வரம்பை எண்ணூறாக்கு," என்று மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். "அப்புறம் இதுல ஒரு கையெழுத்து. தப்பான எண்ணை வச்சது அவதான்னு. மத்தியானம் விசாரணை."

"எனக்கு எப்படி சார் தெரியும்?"

"உங்க வீட்ல முதல் பட்டதாரி நீதானே? வேலை வேணுமா, வேண்டாமா?"

இதற்காகத்தான் என்னைப் பொறுக்கி எடுத்திருக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணை மாற்றினேன். இயந்திரம் அணைந்து எழுந்தது. இன்னும் எந்தப் பயனரையும் அதற்குள் விடவில்லை. பூட்டுப் பட்டியலைத் திறந்தேன்.

எண்ணூறும் தீர்ந்திருந்தன.

இரட்டிப்பாக்கி மறுபடி எழுப்பினேன். அதுவும் தீர்ந்தது.

எல்லாம் ஒரே பெயரில். அக்காவின் பெயரில்.

"அவ கணக்கை அன்னைக்கே அழிச்சிட்டேனே," என்று முணுமுணுத்தார் மேனேஜர்.

அத்தனை பூட்டும் ஒரே கோப்பின் மேல். படிக்க மட்டும் விட்டது. உள்ளே அக்கா எழுதிய மூன்று கடிதங்கள். 'வரம்பைக் கூட்டணும் சார், அனுமதி கொடுங்க.' ஒவ்வொன்றின் கீழும் மேனேஜரின் பதில்: 'நிறுத்த முடியாது. சமாளி.'

சத்தமில்லாமல் அச்சுக்கு அனுப்பினேன்.

"நகரு!" ஸ்வெட்டரைத் தரையில் வீசிவிட்டு அவரே உட்கார்ந்தார். கோப்பை அழிக்கத் தட்டினார்.

மின்விசிறிகள் நின்றன. ஒவ்வொன்றாக.

அந்த அமைதியில், யாரோ கிராம்பைக் கடிக்கும் சத்தம்.

திரையில் ஒரு வரி கூடியது. காத்திருப்பவர்: மேனேஜர்.

"கையை எடுக்க முடியலம்மா..." அவர் விரல்கள் நீலம் பாய்ந்து விசைகளோடு ஒட்டிக் கிடந்தன. "என் பின்னாடி யாரு?"

யாருமில்லை.

தரையில் கிடந்த ஸ்வெட்டர் அவர் தோளில் இருந்தது. அதன் இரண்டு கைகளும் அவர் கழுத்தைச் சுற்றி இறுகிக்கொண்டிருந்தன.

"ஏதாவது பண்ணும்மா..."

அச்சான தாள்களை எடுத்துக்கொண்டேன். கதவருகே போய்த் திரும்பினேன்.

"சமாளிங்க சார்."

மத்தியானம் விசாரணை மேசையில் மூன்று கடிதங்களையும் வைத்தேன். அதற்குள் அவரைப் பிணமாக வெளியே தூக்கி வந்திருந்தார்கள். மாரடைப்பு என்றார் டாக்டர்.

பத்து நாள் கழித்துப் பழைய இயந்திரத்தை உடைத்துப் போட்டார்கள். புதிதை இன்று நான்தான் பெட்டி பிரித்து எழுப்பினேன். யாருக்கும் இன்னும் கணக்கே தொடங்கவில்லை. பழக்கதோஷத்தில் பூட்டுப் பட்டியலைத் திறந்தேன்.

பூட்டு ஒன்று. வைத்திருப்பவர்: அக்கா. காத்திருப்பவர்: மேனேஜர். காத்திருக்கும் நேரம் பத்து நாள், நான்கு மணி நேரம். நொடிகள் ஏறிக்கொண்டிருந்தன.

நான் எதையும் தொடவில்லை.