கழுத்துக் காட்சி

பாடகனின் வெள்ளைக் காலரில் ரத்தம் பழுப்பேறியிருந்தது. மேக்கப் போடும் அவளுக்கு அது இடித்தது. அவள் காய்ச்சும் ரத்தம் சர்க்கரைப் பாகும் சிவப்புச் சாயமும்தானே, நாள் முழுக்கக் கிடந்தாலும் சிவப்பாகத்தான் பிசுபிசுக்கும். இது ரத்தக் காட்டேரிப் பாட்டின் நேற்றைய காட்சியில் அவன் போட்டிருந்த சட்டை. அந்தக் காட்சியில் அவன் கழுத்தைக் கடித்த பெண் இன்று வரவில்லை, போனையும் எடுக்கவில்லை.

அந்தப் பெண்ணின் இடத்தில்தான் இன்று தன் தங்கையை நிறுத்தப் போகிறாள். டைரக்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி அவளே வாங்கிக் கொடுத்த வாய்ப்பு.

"குட்டி, வேணாம்டி. தலைவலின்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிரலாம்."

"உனக்கென்ன கிறுக்காக்கா? காலைலதான் டைரக்டர் கால்ல விழாத குறையா நீ கேட்ட! ரத்தக் காட்டேரி பாட்டுன்னா நிஜக் காட்டேரியா வரும்?" தங்கை சிரித்தாள். "எப்படிக் கத்தணும், அதை மட்டும் சொல்லு."

"டைரக்டர் கட் சொல்ற வரைக்கும் நிறுத்தாத. அவ்வளவுதான்." தொழில் பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது.

வெளியே உச்சி வெயில். படப்பிடிப்பு நடந்த கிடங்கின் ஜன்னல்களையெல்லாம் கறுப்புத் துணியால் அடைத்திருந்தார்கள். சூடேறிய விளக்குகளின் தூசி வாடையும் புகை இயந்திரத்தின் தித்திப்பு நெடியும் தொண்டையை அடைக்க, ஸ்லோ மோஷனுக்காக இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்ட பாட்டு கீச்சுக் குரலில் தகரக் கூரை அதிர அலறியது. அந்த வேகத்துக்குப் பிசகாமல் வாயசைத்தபடி பாடகன் தங்கையை நெருங்கினான். கோரைப் பற்கள் இரண்டும் நீளமாக மின்னின.

அக்கா தன் மேக்கப் மேசையைப் பார்த்தாள். பிளாஸ்டிக் பற்கள் டப்பாவிலேயே இருந்தன. இன்று அவனுக்கு மாட்டிவிட மறந்திருந்தாள்.

கேமராவை நோக்கிப் பாய்ந்தாள்.

தங்கை கத்தினாள். டைரக்டர் கட்டைவிரலை உயர்த்தினார். "என்னா நடிப்பு!" என்றான் கேமராமேன்.

"கட்! கட் சொல்லுங்க சார்! கடிக்கிறான் சார்!"

பாட்டின் அலறலில் அவள் குரல் அமுங்கிப் போனது. உதவி டைரக்டர் அவளை இழுத்துப் பிடித்தான். "ஷாட் போகுதுக்கா! ஃப்ரேமுக்குள்ள போயிராதீங்க!"

தங்கையின் குதிகால்கள் தரையை உதைத்தன. கத்தல் நிற்கவில்லை. சொல்லிக் கொடுத்தது இவள்தான். பாவி, இவளேதான்.

பாட்டு முடிந்தது. கத்தலும். உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"கட்! சூப்பர்!"

எல்லோரும் கை தட்டினார்கள். பிடி தளர்ந்ததும் ஓடினாள். ஈரத்தில் வழுக்கி விழுந்தாள். தவழ்ந்தாள். பாடகன் வாயைத் துடைத்துக்கொண்டு மரியாதையாக வழிவிட்டான். தங்கையின் கழுத்தில் கையை வைத்து அழுத்தினாள். விரல்கள் உள்ளே போயின. சூடு. இரும்பு வாடை. துடிப்பே இல்லை.

"குட்டி... ஐயோ, என் குட்டி..."

தங்கை கண் திறந்தாள். அக்காவின் கையைக் கழுத்திலிருந்து பிடுங்கி, விரல் விரலாக நக்கினாள். பிறகு அக்காவின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, கழுத்து தெரிய மெல்லச் சாய்த்தாள்.

"அட, இது நல்லாருக்கே!" டைரக்டரின் குரல் கேட்டது. "அக்காவையும் ஃப்ரேமுக்குள்ள வை. பாட்டைப் போடு."

கீச்சுக் குரலில் பாட்டு மறுபடி தொடங்கியது. அக்கா கத்தினாள். டைரக்டர் கட்டைவிரலை உயர்த்தினார்.