கூடப் படிக்கிறவள்

கலைப்பிரியா திண்டிவனத்தில் பேருந்தை விட்டு இறங்கியபோதும் பையிலிருந்த அவித்த வேர்க்கடலை, அவள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, வெதுவெதுப்பாகவே இருந்தது. தோழி வெண்ணிலாவுக்காகக் கிளம்பும்முன் தன் ஊர் கெடாரில் அவளே அவித்தது. வருகிறேன் என்று சொல்லவில்லை. நீட் மாதிரித் தேர்வில் கலைப்பிரியா வாங்கிய மதிப்பெண்ணுக்கு டாக்டர் சீட்டே கிடைக்கும் என்று டியூஷன் சார் சொல்லிவிட்டார். அதை வெண்ணிலாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

போன வருடம் இரண்டு பேருக்கும் கைவிட்டுப் போன தேர்வு. கலைப்பிரியாவுக்கு நர்சிங் சீட்டு மட்டும் வந்தது. "போவாதடி, நீயும் போய்ட்டா நான் ஒத்தையா என்னா பண்ணுவேன்? ரெண்டு பேரும் இன்னொரு வாட்டி எழுதலாம்டி" என்று வெண்ணிலா கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். இந்தப் பைத்தியக்காரி வந்த சீட்டை வேண்டாம் என்று விட்டுவிட்டாள். கலைப்பிரியாவின் அப்பா ஜெகதீசன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "இதான் கடைசி. இல்லன்னா விழுப்புரத்துல ஜவுளிக்கடை வேலைக்குப் போய்க்கினு இரு" என்றார்.

அன்று முதல் இருவரும் வீடியோ காலில் சேர்ந்து படித்தார்கள். பெண் பிள்ளை முகம் போனில் தெரியக்கூடாது என்று வெண்ணிலாவின் அப்பா கண்டிப்பாகச் சொன்னதால், ஸ்டாண்டில் வைத்த போன் கையையும் நோட்டையும் மட்டும்தான் காட்டும். பேச்சு கிடையாது, மெசேஜ் கிடையாது, தேர்வு முடியும்வரை. தூக்கம் வந்தால் பேனாவால் மேசையில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். கேட்டவள் பதிலுக்கு இரண்டு தட்டியே ஆக வேண்டும். அது மட்டும் சத்தியம்.

போன் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்கிறார்களே, இவளை அந்தப் போன்தான் படிக்க வைத்தது. அங்கே ஒரு கை எழுதிக்கொண்டே இருக்கும்போது இங்கே எப்படிப் புத்தகத்தை மூட மனம் வரும்?

வெண்ணிலாவின் வீடு பழைய ஓட்டு வீடு. மேலே ஒரே ஒரு மாடி அறை, அதற்குச் சுவரோரமாக இருட்டுப் படிகள். மத்தியான வெயிலிலும் வாசலில் ஈர வாடை அடித்தது. அவள் அம்மா பூமாலை கதவைத் திறந்தாள்.

"அட, கலையா! வா கண்ணு. என்னா இந்தப் பக்கம்?"

"வெண்ணிலாவப் பாக்கத்தான். மேல படிச்சிக்கினு இருக்காளா?"

பூமாலை முழித்தாள். "உன்கிட்ட சொல்லலியா? அவ புதுச்சேரியில நர்சிங் சேர்ந்துட்டாளே. ஆயுத பூஜைக்கு முந்தியே போய்ட்டா. ஹாஸ்டல்ல இருக்கா."

கலைப்பிரியா போனை எடுத்துப் பார்த்தாள். காலையில் போட்ட வீடியோ கால் ஓடிக்கொண்டிருந்தது. கட்டத்துக்குள் கை எழுதிக்கொண்டிருந்தது.

"இல்லம்மா, இதோ எழுதுறாளே."

"அதுவா? பழைய போன்ல என்னமோ வீடியோ ஓடவுட்டுட்டு, யாரும் தொடாதீங்கன்னுட்டுப் போனா. கார்த்திகை மழையில இடி இடிச்சப்ப அதுவும் சார்ஜரோட கருகிப்போச்சு. மேலயேதான் கெடக்குது."

கலைப்பிரியா வெளியே வந்து, பூமாலை கொடுத்த புது நம்பரில் வெண்ணிலாவை அழைத்தாள். அவள் உடனே எடுத்தாள். "உன் வீட்டு வாசல்ல நிக்கிறேன்டி" என்றாள் கலைப்பிரியா.

"வீட்டுக்கா போன? ஏன்டி சொல்லாம போன?"

"நீ சொன்னியாடி?"

"அப்பா திடீர்னு சீட்டு வாங்கிட்டாருடி. உன்கிட்ட எப்டிச் சொல்றது? நான் எழுதுற மாதிரி வீடியோ எடுத்து அதையே கால்ல ஓடவுட்டேன். நீயாச்சும் படிப்பன்னுதான்..."

"நர்சிங் வேணாம்னு என்னை அழுது நிறுத்திட்டு நீ நர்சிங் போய்ட்ட! நான் உட்ட சீட்டுடி அது! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் சேர்ந்திருப்பேனே! பாவி!"

வெண்ணிலா அழுதாள். கலைப்பிரியாவுக்கு அந்த அழுகையைக் கேட்கவே அருவருப்பாக இருந்தது.

"கார்த்திகையில அதுவும் நின்னுப்போச்சுன்னு அம்மா சொன்னாங்க. நீயும் ஒண்ணும் கேக்கல. கண்டுபுடிச்சிட்ட, கோவத்துல இருக்கன்னு நெனைச்சேன்" என்றாள் வெண்ணிலா.

"அப்ப தட்டுறது?"

"எதுடி?"

"நான் தட்டுனா பதிலுக்குத் தட்டுறியே. நேத்துகூடத் தட்டுனியே."

"கலை... அந்த வீடியோவுல சத்தமே இல்லடி."

கலைப்பிரியா மறுபடி உள்ளே போய் மாடிப் படியேறினாள். பொய் சொல்கிறாள், இதுவும் ஒரு பொய்தான் என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறினாள்.

அறை பூட்டியிருக்கவில்லை. ஜன்னல் மூடிக் கிடந்தது. நனைந்து காய்ந்த நோட்டின் வாடை. நடுவில் ஒரு கனத்த மேசை, ஏதோ ஒரு ஹாஸ்டலை மூடியபோது ஏலத்தில் எடுத்தது என்று வெண்ணிலா எப்போதோ சொன்ன மேசை. ஸ்டாண்டில் கருகிய போன். அதில் சிலந்தி வலை கட்டியிருந்தது.

மேசை மேல் நோட்டு இல்லை. கை இல்லை. தூசி மட்டும்.

மல்லாட்டைப் பையை மேசையில் வைத்துவிட்டுத் தன் போனைப் பார்த்தாள்.

திரையில் அதே மேசை. நோட்டு. எழுதும் கை.

பக்கத்தில் மல்லாட்டைப் பை.

இடது கையை மேசையில் வைத்தாள். திரையில் இப்போது இரண்டு கைகள்.

எழுதிய கை நின்றது.

அது பேனாவைக் கீழே வைத்தது. மெல்ல நகர்ந்து வந்தது. அவளுடைய சுண்டுவிரலைத் தன் சுண்டுவிரலால் பிடித்துக்கொண்டது.

மேசையில் ஒன்றுமே இல்லை. ஆனால் விரல் ஜில்லிட்டது.

எப்படிப் படியிறங்கினாள், எப்படிப் பேருந்து ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. போனை அணைத்தாள். கூட்டத்துக்குள் கெடார் வரும்வரை அழுதாள். யாரோ பாவப்பட்டு இடம் கொடுத்தார்கள். பயம் பாதிதான். மீதி, ஏமாந்த அழுகை.

வீட்டில் போனைத் துணியில் சுற்றி அரிசி டிரம்மில் போட்டு மூடினாள். விளக்கு வைக்கும் நேரம், அம்மா அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தேர்வு அவளுக்காக நிற்காதே. நோட்டைத் திறந்தாள். ஒரு வரிகூட ஏறவில்லை. இத்தனை மாதமும் யாரை நம்பிப் படித்தோம்? யாரென்றே தெரியாத ஒன்று உடனிருந்தது. கழுத்தைக் கட்டி அழுதவள் விட்டுப்போனாள்.

இனி யாரும் வேண்டாம். தனியாகவே படிப்பேன்.

அப்படி நினைத்துப் பேனாவைக் கீழே வைத்தாள்.

டக். டக்.

சத்தம் அரிசி டிரம்மிலிருந்து வரவில்லை. அவள் மேசையிலிருந்து வந்தது, நோட்டுக்குப் பக்கத்தில்.

எப்போதும் முதலில் தட்டுவது அவள்தான். இன்று அது முதலில் தட்டியிருந்தது.

"யாரு?" என்றாள், அம்மாவுக்குக் கேட்காமல்.

அது காத்திருந்தது. கேட்டவள் தட்டியே ஆக வேண்டும்.

கலைப்பிரியா இரண்டு கைகளையும் மடிக்குள் இறுக்கி வைத்துக்கொண்டாள். இடது சுண்டுவிரல் மறுபடி ஜில்லிட்டது.

நோட்டின் மேல் கிடந்த பேனா மெல்ல உருண்டு அவள் பக்கமாக வந்து நின்றது.